இடது கையின் பிடி

சின்னவளுக்கு,

அப்பாவுக்கு வந்திருப்பது வெறும் மறதி இல்லையாம், நடுக்க நோயும் இல்லையாம். மூளையின் ஒரு பக்கம் சுருங்குகிறதாம். வலது கை போட்ட பொத்தானை இடது கை கழற்றுவது அதனால்தான். வீம்பென்று நினைத்துக் கத்திக் கத்தி நானும் ஓய்ந்துவிட்டேன்.

தெருவில்கூட என்னோடு சேர்ந்து நடக்காத மனுஷர், இப்போது அந்த இடது கையால் என்னைப் பிடித்தால் விடுவதில்லை என்று போனில் சொல்லிச் சிரித்தேனே? ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்தப் பிடியிலிருந்து என் கையை விலக்கிவிட்டு அங்கே தன் டார்ச்சை வைத்தார். அப்பா அதையும் அப்படியே இறுக்கிக்கொண்டார்.

"எது பட்டாலும் அந்தக் கை பிடிச்சுக்கும்மா. அவரா பிடிக்கிறதில்ல. இதுவும் நோயோட அடையாளம்தான்."

டார்ச்சை உருவிக் கொடுத்துவிட்டு, என் கையையே திரும்ப வைத்தேன்.

நீ லீவு போட்டு ஓடிவர வேண்டாம். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். தாளைப் பிடித்துக்கொள்ள எனக்கு இன்னொரு கை இல்லை.

அம்மா