உப்புத் தண்ணீர்க் கட்சி

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் அக்காவின் மூத்த மகள் எழுதுவது. இங்கே எல்லாருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. மற்றதைக் கீழே எழுதுகிறேன். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? நேற்றுப் பாத்திரம் கழுவிக்கொண்டே அம்மா, அது சாப்பிட்டுச்சோ என்னவோ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உங்களைத்தான் சொன்னாள் என்று நானாகவே எடுத்துக்கொண்டு கேட்கிறேன்.

நீங்கள் போன் செய்தபோதெல்லாம் அம்மா எடுக்காதது கோபத்தால் இல்லை, சித்தி. பேசத் தெம்பில்லை என்கிறாள். தங்கச்சி வாலுவுக்காக நீங்கள் சொல்லிவைத்திருக்கும் அந்த ஒரு ஊசியைப் பற்றி உங்களுக்குப் பதில் எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டாள். இங்கே தடுப்பூசி ஆராய்ச்சி நடத்திய டாக்டர் நாளை மறுநாள் மூட்டை கட்டிக்கொண்டு உங்கள் கம்பெனிக்குத் திரும்புகிறார். இந்தக் கடிதத்தை அவரிடம்தான் கொடுத்தனுப்பப் போகிறேன்.

அம்மா வேலை பார்க்கும் சுகாதார நிலையத்தின் கடைசி அறையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஆராய்ச்சி தொடங்கிய அன்று நீங்களே வந்து பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த அறை. இப்போது அது காலி. மருந்து வைத்திருந்த குளிர்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அது நின்ற இடத்தில் மட்டும் தரை புதிதாக இருக்கிறது. நாற்காலிகளில் வாலு ஒட்டிய பொம்மைப் படங்கள் இன்னும் இருக்கின்றன. பாதிக்குத் தலை கிடையாது. உட்கார்ந்த பிள்ளைகள் சுரண்டிவிட்டார்கள். அம்மா போன வாரம் துடைப்பத்தோடு உள்ளே போனாள். வெகு நேரம் வராததால் எட்டிப் பார்த்தேன். பெருக்காமலே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

உங்களுக்குத் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன். ஆனால் இங்கிருந்து பார்த்தவர்களுக்கு அது எப்படி இருந்தது என்பது உங்களுக்குத் தெரியாது இல்லையா? பாதிப் பிள்ளைகளுக்கு மழைக் காய்ச்சலைத் தடுக்கும் நிஜ ஊசி, பாதிப் பிள்ளைகளுக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று போடுகிற அம்மாவுக்கே தெரியாது. ஊசி பலிக்கிறது என்று தெரிந்ததும் தண்ணீர் போட்டுக்கொண்ட எல்லாருக்கும் நிஜமானதைப் போடுவோம் என்று கம்பெனி வாக்குக் கொடுத்தது. அந்த வாக்கை வீடு வீடாகக் கொண்டுபோனவள் அம்மா. யாரும் முன்வராதபோது, என் சின்னவளையே முதல்ல உட்கார வைக்கிறேன், பாருங்க என்று வாலுவின் சட்டைக் கையை மடித்துவிட்டாள். வாலு அழவில்லை. அழாததைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வந்தார்கள்.

ஊசி பலித்தது. அந்தச் செய்தியைச் சொல்ல நீங்கள் போன் செய்தபோது உங்கள் பக்கம் கைதட்டல் கேட்டது. அம்மா அழுதாள். பிறகு விவரம் வந்தது. வாலுவுக்குப் போட்டது தண்ணீர்.

அது பரவாயில்லை, நிஜ ஊசிதான் வரப்போகிறதே என்று இருந்தோம். வரவில்லை. இனி அந்த ஊசியைச் செய்வதாகவே இல்லை என்று ஆராய்ச்சி டாக்டர் சொன்ன மறுநாள் அம்மா மறுபடியும் வீடு வீடாகக் கிளம்பினாள். எதுக்கும்மா, அவரே சொல்லட்டுமே என்றேன். கூப்பிட்டது நான், சொல்ல வேண்டியதும் நான்தான் என்றாள். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் கூடப் போனேன். குடை பிடிக்க ஒரு ஆள் வேண்டுமே.

மோட்டார் மெக்கானிக் வீட்டில் அவர் கையில் எண்ணெய்த் துணியோடு வாசலிலேயே நின்று கேட்டார். கத்தவில்லை. கம்பெனி யாருன்னே எங்களுக்குத் தெரியாதும்மா, உங்க முகத்தைப் பார்த்துத்தான் புள்ளையைக் கொடுத்தோம் என்றார். பிறகு தன் கையையே துடைத்துக்கொண்டு நின்றார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தையல்கார அக்கா வீட்டில் வேறு மாதிரி. அவருடைய இரட்டைப் பிள்ளைகள் இருவருக்கும் தண்ணீர்தான். மெஷினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தவர், உங்க சின்னதுக்கு எது என்று கேட்டார். அம்மா சொன்னாள். அக்கா மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அடடா, அப்ப நாம எல்லாம் ஒரே உப்புத் தண்ணிக் கட்சியா, நீங்கதான் தலைவி, மாலை போடவா என்றார். நானும் சிரித்துவிட்டேன். அம்மாவும் சிரித்தாள். திரும்பி வரும் வழியில், அது திட்டியிருக்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

அந்த வீட்டிலிருந்து வந்து பார்த்தால் போனில் உங்கள் செய்தி. ஊசிக்காக உழைத்தவர்களின் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் மிச்சமிருக்கும் மருந்தில் ஆளுக்கு ஒன்று தருகிறார்கள், வாலு பெயரைக் கொடுத்துவிட்டேன், சீக்கிரம் பதில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேறு பெயர் போட்டுவிடுவார்கள் என்று. அம்மா அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

சித்தி, கம்பெனி ஏன் இப்படிச் செய்தது என்று நீங்கள் ஒரு முறை எனக்குப் போனில் விளக்கியதை வைத்து நிறைய யோசித்தேன். இந்தக் காய்ச்சல் வருகிறவர்களிடம் மருந்து வாங்கப் பணம் இல்லை, அதனால் எந்தக் கம்பெனியும் இதைத் தொடவே மாட்டேன் என்றது. ஆகவே ஒரு பெரிய நாட்டில் மருந்துகளுக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகம் ஒரு பரிசு வைத்தது: இப்படிப்பட்ட நோய்க்குத் தடுப்பூசி கண்டுபிடித்து அனுமதி வாங்கினால், வரிசையில் முந்திக்கொண்டு போக ஒரு சீட்டு. அந்தச் சீட்டைக் காட்டினால் நன்றாக விற்கிற வேறொரு மருந்தைச் சீக்கிரம் பார்த்து அனுமதி கொடுத்துவிடுவார்கள். சீட்டை விற்கவும் செய்யலாம். உங்கள் கம்பெனி அனுமதி வாங்கியது, சீட்டும் வந்தது, அதை இன்னொரு பெரிய கம்பெனிக்கு விற்றது. ஊசியைச் செய்து கொடுக்க வேண்டும் என்று மட்டும் எந்த விதியிலும் இல்லை. உங்களையும் மூட்டுவலி மருந்துப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

பரிசு வைத்ததைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பரிசு இல்லாவிட்டால் இந்த ஊசி பிறந்தே இருக்காது. ஆனால் எங்கள் விளையாட்டு விழாவில் முடிவுக் கோட்டை மைதானத்தின் நடுவில் போட்டால் மீதி தூரத்தை யார் ஓடுவார்கள்? நானும் ஓட மாட்டேன். அந்த முடிவுக் கோட்டை, ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளையின் கையில் போட்டிருக்க வேண்டும். ஊசி உள்ளே இறங்கிய பிறகு சீட்டு.

இதை அம்மாவிடம் சொன்னேன். ஊர் உலகத்துக்கெல்லாம் யோசனை சொல்றியே, காயப்போட்ட துணியை யாரு எடுப்பா, மேகம் கறுக்குது என்றாள். துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தபோது அவளே வந்து, நீ சொன்னதை சித்திக்கு எழுது என்றாள். அந்தப் பரிசின் விதிகளை மாற்றுவது பற்றி உங்களைப் போன்றவர்களிடம் கருத்துக் கேட்கப் போகிறார்கள் என்றும், வாயைத் திறந்தால் வேலைக்கு ஆபத்து என்றும் நீங்கள் சொல்லியிருந்தீர்கள். நீங்கள் பேசினால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். வேலை போய்விடும் என்றால் பேச வேண்டாம் சித்தி. இரண்டையும் மனதார எழுதுகிறேன். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை.

இனி அம்மாவின் பதில். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: ஒண்ணே ஒண்ணு எங்களுக்கு வேண்டாம். வந்தா எல்லாருக்கும் வரட்டும். இவளுக்கு மட்டும் போட்டுட்டு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் அந்தத் தெருவுல நடப்பேன்? நீ செஞ்சது பாசத்துலதான்னு தெரியும், மனசுல ஒண்ணும் வச்சுக்காத.

அப்பாவிடம் கேட்டுப் பார்த்தேன். பஸ் ஓட்டிவிட்டு வந்து காலை நீட்டிப் படுத்திருந்தார். உங்கம்மாகிட்ட நான் ஜெயிச்சதா சரித்திரமே கிடையாது என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் தூங்கவில்லை.

அம்மா சொல்வது நியாயம் என்று எனக்குத் தெரியும். பரீட்சையில் இப்படி ஒரு கேள்வி வந்தால் அம்மாவின் பதிலைத்தான் எழுதுவேன். தையல்கார அக்காவின் இரட்டையர் என் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறார்கள். தண்ணீர்க் குழாயருகில் தினமும் என்னைப் பார்த்துக் கையாட்டுகிறார்கள்.

ஆனால் சித்தி, வாலு இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருக்கிறாள். யாருக்குக் கடிதம் என்று கேட்டுவிட்டு, நான் நல்லா இருக்கேன்னு போடு என்கிறாள். இந்த வருட மழை தொடங்கிவிட்டது. வாலு தும்மினால்கூட அம்மா வேலையை விட்டுவிட்டு வந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். அப்புறம் சும்மா தொட்டது போல முடியை ஒதுக்கிவிட்டுப் போகிறாள். வேண்டாம் என்று எழுதச் சொன்னாளே தவிர, எழுதிவிட்டாயா என்று இதுவரை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஆராய்ச்சி டாக்டர் எப்போது கிளம்புகிறார் என்பதை மட்டும் இரண்டு முறை விசாரித்துவிட்டாள்.

அதனால் அம்மா சொன்னதை மேலே முழுசாக எழுதிவிட்டு இதை மட்டும் நானாக எழுதுகிறேன். அந்த ஊசியில் வாலுவின் பெயரை அழித்துவிடாதீர்கள். யாருக்கும் கொடுக்காமல் கொஞ்ச நாள் குளிரிலேயே வைத்திருங்கள். அம்மா உங்களுக்குப் போன் செய்வாள். அவள் வேறு எதையாவது பேசினாலும், சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தாலும், நீங்களாகப் புரிந்துகொள்ளுங்கள், சித்தி.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள் அன்பை நம்பியிருக்கும்
உங்கள் அக்கா மகள்