கெசையா அத்தையின் கடிதத்தில் விழுந்த ஜன்னல்

மேப்பிள் ஓடை, இண்டியானா
பத்தாம் மாதம் 14, 1884

என் கண்ணான மகள் மஹாலாவுக்கு உன் சித்தப்பா ஜெஹூ எழுதுவது. இங்கே நானும் சித்தி லவினாவும் இரண்டு பசுக்களும் சுகம், கோவேறு கழுதை மட்டும் வழக்கம்போல யார்மேலோ வருத்தத்தில் இருக்கிறது. நீயும் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் கான்சஸ் காற்றில் பறந்துபோகாமல் தரையிலேயே சுகமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவதை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று முதலிலேயே உறுதி கூறுகிறேன். சத்தியம் செய்வது நம் குவேக்கர் ஜனங்களுக்கு ஆகாது, அதனால் வெறும் உறுதிதான், ஆனால் நெஞ்சில் கைவைத்துக் கூறுகிற உறுதி.

கெசையா அத்தையின் சரித்திரத்தை எழுதப்போகிறேன், அவள் தாத்தாவுக்குப் போட்ட கடிதங்களையெல்லாம் தேடி அனுப்பு என்று நீ எழுதினாயல்லவா, தேடினேன். உலர்ந்த ஆப்பிள் போட்டுவைக்கிற பெட்டியின் அடியில் நாற்பத்தோரு கடிதம். வெளியே எடுத்ததும் அவள் கோபத்தின் சூட்டில் மேலே இருந்த ஆப்பிளெல்லாம் வெந்துவிட்டது, சித்தி அதை அப்படியே பணியாரத்துக்குள் வைத்துவிட்டாள். காகிதம் கிடைக்காத காலமாகையால் அத்தை ஒரு தாளில் இரண்டு பக்கமும் விளிம்புவரை எழுதியிருக்கிறாள். மூன்று தடவை சித்திக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அந்தமட்டில் நல்லதாய்ப் போயிற்று.

ஏனென்றால் நம் சபை எழுத்தர் பார்னபாஸ் வந்தான். போன குளிர்காலத்தில் அத்தை இறந்ததற்குச் சபை ஒரு நினைவுரை எழுதி எல்லா ஊருக்கும் அச்சிட்டு அனுப்பப்போகிறதாம், தேதிகள் சரிபார்க்க வேண்டும், கடிதங்களைக் கொஞ்சம் கொடு என்றான். கொடுத்தேன். இந்த மாவட்டத்தின் மகா புத்திசாலி நான் என்று இதுவரை நினைத்திருந்தேன், இனி நினைக்கமாட்டேன். ஐந்து நாள் கழித்து அழகாக நாடா கட்டித் திருப்பிக் கொடுத்தான். பிரித்துப் பார்த்தால் நான்கு கடிதத்தில் கத்தரிக்கோலால் சதுரம் சதுரமாக வெட்டி எடுத்திருக்கிறான் மகளே. நாற்பத்திரண்டாம் வருஷத்துக் கடிதத்தில் என் உள்ளங்கை நுழைகிற அளவுக்கு ஒரு ஜன்னல். வந்த ஆத்திரத்தில் நான் கிணற்றடியில் போய் நின்றேன், கிணறு கொதித்தது, சித்தி அதில் ஒரு டஜன் முட்டை அவித்தாள்.

அந்த ஜன்னல் வெட்டின இடத்தில் என்ன இருந்தது என்று எனக்கு மனப்பாடம். தப்பி வந்த கறுப்பு ஜனங்களைப் பகிரங்கமாக ஒளித்துவைத்து ஊர் ஊராகப் பேசி சபைக்கு அவப்பெயர் தேடுகிறாள் என்று ஐந்து பெரியவர்கள் அத்தை வீட்டுக்கு வந்து அவளை சபையிலிருந்து நீக்கியது. முதலில் பேசியவர் ஓபேத், பார்னபாஸின் அப்பா. அதன்பின் பதினோரு வருஷம் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நினைவுரையில் என்ன எழுதியிருந்தான் தெரியுமா, சாந்தமே உருவான நம் சகோதரி கெசையா, சபையின் அன்பான ஆதரவோடு அடிமைகளின் விடுதலைக்கு உழைத்தாள் என்று. சாந்தமாம். கரும்புச் சர்க்கரை அடிமைகள் கண்ணீர் என்று, கல்யாண வீட்டில் சர்க்கரைக் கிண்ணத்தை எடுத்துப்போய்ப் பன்றித் தொட்டியில் கொட்டியவள் அவள். பன்றிகூட வெட்கப்பட்டு ஒதுங்கியது.

வாரத்தின் நான்காம் நாள் சபை கூடியது. பார்னபாஸ் வாசித்து முடித்து அனைவருக்கும் மனம் ஒப்புகிறதா என்று கேட்டான். நம்மில் கை தூக்கி எண்ணுகிற பழக்கம் இல்லையே, எல்லோரும் மௌனமாக இருந்தால் சம்மதம், ஒருத்தன் எழுந்து மறித்தால் நின்றுபோகும். மௌனம் நீண்டது, தாடி இல்லாதவர்களுக்கெல்லாம் ஒரு சாண் தாடி வளர்ந்தது. நான் எழுந்தேன். எனக்கு ஒப்பவில்லை என்றேன். வெட்டின கடிதத்தை முகத்துக்கு நேரே பிடித்து அந்த ஜன்னல் வழியாக அவனைப் பார்த்தபடியே, அங்கே என்ன எழுதியிருந்தது என்று வார்த்தை விடாமல் சொன்னேன். அவன் முகம் மாறவில்லை. மெதுவாகச் சொன்னான்: "ஜெஹூ, பூசணிக்காய்க்குள்ள கன்னுக்குட்டி குடும்பம் நடத்துச்சுன்னு இதே பெஞ்சுல உக்காந்து சொன்ன ஆளு நீ. உன் வாய்ச்சொல்லை நம்பி எங்கப்பா பேரைக் கெடுக்கணுமா?"

சிரித்தார்கள் மகளே. வழிபாட்டு வீட்டில் சிரித்தார்கள். அறுபது வருஷம் நான் விட்ட கதையெல்லாம் வரிசையாக வந்து என் வாயை அடைத்துக்கொண்டு நின்றன. அத்தையின் பதினோரு வருஷம் என் கன்றுக்குட்டியால் காணாமல் போகப்பார்த்தது. அப்புறம்தான் தாளைத் திருப்பினேன். நீ வெட்டினாயே, பின்பக்கம் பார்த்தாயா என்று கேட்டேன். பார்க்கவில்லை, வெட்டி நேரே அடுப்பில் போட்டுவிட்டான். அந்தக் கடிதத்தை அத்தை மூன்று வாரமாக எழுதியிருக்கிறாள். முன்பக்கத்தில் ஓபேத் அவளை நீக்கினார். அதே இடத்தில் பின்பக்கத்தில் இருந்ததையும் சொன்னேன்: ஓபேத் தன் வண்டியோடு அவள் வாசலுக்கு வந்தார், பட்டப்பகலில். பூசணிகளுக்கு அடியில் ஒரு தாயையும் மூன்று குழந்தைகளையும் படுக்கவைக்க உதவினார், கடிவாளத்தை அத்தை கையில் கொடுத்து வண்டியை அவளிடமே விட்டார். அவர் செய்த அந்த நல்ல காரியத்துக்கு உலகத்திலேயே அது ஒன்றுதான் சாட்சி, அதை அவர் மகனே எரித்துவிட்டான்.

பார்னபாஸ் உட்கார்ந்துவிட்டான். "வண்டி கொடுத்தது நிசமா ஜெஹூ? எங்கப்பா அந்தப் பேச்சையே எடுத்ததில்ல" என்றான். சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டான். நான் சொன்னேன்: "என் வாய்ச்சொல்லுதான் இருக்கு. ஒரே தாளு பார்னபாஸ். வேணும்னா ரெண்டு பக்கத்தையும் நம்பு, இல்லேன்னா ரெண்டையும் விடு." அவன் நினைவுரையை எடுத்து அந்த ஆதரவு வரியைக் கோடு போட்டு அடித்தான். பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு, "சொல்லு, எழுதுறேன்" என்றான். சொன்னேன். இந்தத் தடவை ஒருவரும் எழுந்து மறிக்கவில்லை.

அதற்காக என் கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துவிடாதே. மற்ற மூன்று கடிதத்தில் வெட்டுப்பட்டதில் பாதிதான் எனக்கு நினைவு இருக்கிறது, மீதி சாம்பலோடு போயிற்று. அந்த வரிகளை எழுத அத்தை எந்தக் குளிரில் விரல் விறைத்தாளோ, அதை நினைத்தால் ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை, மூன்று வட்டில்தான் சாப்பிட்டேன். எனக்கு நினைவிருப்பதைத் தனித் தாளில் நீல மையில் எழுதி வைத்திருக்கிறேன், அத்தை சொன்னதையும் நான் சொன்னதையும் ஒன்றாகக் கலந்துவிடாதே. ஓபேத் வண்டி கொடுத்ததைச் சொல்லாமலே விட்டுவிடலாமா என்று அன்று எனக்கும் ஒரு நினைப்பு வந்தது, அவர் கெட்டவராகவே நின்றிருந்தால் என் வாய்க்கு இனித்திருக்கும். அப்படிச் செய்திருந்தால் என் கையிலும் ஒரு கத்தரிக்கோல் இருந்திருக்கும். நீயும் எழுதும்போது பார்த்துக்கொள்.

சித்தி கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வைத்திருக்கிறாள், அலமாரியில் பூட்டிவைக்காமல் காலில் போடு. கடிதங்களை எலிக்கும் ஈரத்துக்கும் கௌரவமான மனிதர்களுக்கும் எட்டாத இடத்தில் வை. உன் உள்ளத்து வெளிச்சம் அணையாமல், உன் கை சோராமல், நீ நீண்டநாள் வாழ வேண்டும். பார்சல் கிடைத்ததும் ஒரு வரி எழுது, சித்தி தினமும் வழியைப் பார்க்கிறாள், நான் பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

உன் சித்தப்பா,
ஜெஹூ

பின்குறிப்பு: பார்னபாஸை மடக்க அந்த வண்டியை நானே கட்டினேனோ என்று உனக்கும் தோன்றும், என்னிடம் வளர்ந்தவளல்லவா. நான் கட்டியிருந்தால் குதிரைக்கு இறக்கை வைத்திருப்பேன், பூசணிகளைப் பாடவைத்திருப்பேன். கிணறு பொய், முட்டை பொய், தாடி பொய். வண்டி நிஜம். பெட்டியில் கட்டும்போது இப்போதுதான் பார்த்தேன், ஜன்னலின் கீழ் விளிம்பில், பின்பக்கம், கத்தரிக்கோலுக்குத் தப்பி அத்தையின் கையெழுத்தில் மூன்று வார்த்தை இருக்கிறது: "வீட்டுக்கு நடந்தே போனார்."