ஊசி போட்ட பிறகு

இன்று கிளினிக்கில் பேரனின் தொடையில் ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்தார்கள். அந்த வாசத்தோடு நீங்களே எதிரில் வந்து நின்றது போல இருந்தது, மருத்துவச்சியம்மா. என் கை தானாகப் பிள்ளையை இறுக்கிக்கொண்டது. உங்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான்.

என் இரண்டாவது மகள் பால்குடி மறக்கவில்லை அப்போது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கங்காணி பெயர் கூப்பிட்டான். ரப்பர் பால் வெட்டப் போக நின்ற எங்களை ஆஸ்பத்திரிக்கு லொறியில் ஏற்றினீர்கள். "சின்ன ஆப்பரேசன் புள்ள, ஒரு நாள் வலி, அவ்வளவுதான்" என்றீர்கள். இனிப் பிள்ளையே பிறக்காது என்பதை, வீடு வந்த பிறகு எங்கள் லய வரிசையில் பக்கத்துக் காம்பிரா வீட்டுக்காரி சொல்லித்தான் அறிந்தேன்.

அந்த மகள் சமைந்து நின்ற காலத்தில், அதே பெரட்டில் அதே கங்காணி கத்தினான்: "கொமரிப் புள்ளைங்களுக்கு ருபெல்லா ஊசி! எல்லாரையும் டிஸ்பென்சரிக்கு அனுப்புங்க!" எங்கள் வயிற்றை அடைத்தவர்கள் இப்போது பிள்ளைகளின் வயிற்றை அடைக்க வருகிறார்கள் என்று லயமே முடிவு கட்டியது. மகளைக் கொண்டுபோய் ரப்பர் சீட் காயும் புகையறைக்குப் பின்னால் உட்கார வைத்தேன்.

நீங்கள் வாசலுக்கே வந்தீர்கள். "எங்க புள்ள ஒளிச்சு வச்ச? அடுப்புக்குள்ளயா?" என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"லொறியில ஏத்துனப்பவும் இப்பிடித்தான் சிரிச்சீங்க."

உங்கள் முகம் சுருங்கியது. "இது அது இல்ல புள்ள. நாளைக்கு இவ முழுகாம இருக்கிறப்ப அந்தக் காய்ச்சல் வந்தா, வயித்துப் புள்ளைக்குக் கண்ணும் காதும் போயிரும். அதுக்குத்தான் இப்பவே போடுறோம்."

"ஊசி போட்டு பத்து வருசம் கழிச்சு இவளுக்கு ஏதாவது வந்தா?"

"ரெண்டு நாளைக்குக் காய்ச்சல் வரும், முட்டு வலிக்கும். பின்னால ஏதும் வருதான்னு பெரிய டொக்டருங்க பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க."

"எங்கள யாரு வந்து பாத்தா?"

வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டீர்கள். பிறகு, "நான் வந்து பாக்குறேன்" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மகளைக் கூட்டி வந்தேன்.

சொன்னபடி வந்தீர்கள். பென்சன் வாங்கிய பிறகும், பஸ்ஸை விட்டு இறங்கி மேட்டில் ஏறி வந்து, காய்ச்சல் உண்டா, மாதம் ஒழுங்காக வருகிறதா என்று அவளைக் கேட்டீர்கள். ஊசியில் ஏதோ கெடுதல் என்று தெரிந்துதான் வேவு பார்க்கிறீர்கள் என்று நினைத்து, வெறுந்தேத்தண்ணி கொடுத்துவிட்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். மகளுக்குக் கல்யாணமாகி நாலு வருடம் வயிறு திறக்காதபோது, வாசலில் வைத்தே உங்களைத் திட்டினேன். அப்படியும் அடுத்த மாதமும் வந்தீர்கள். அதற்கடுத்த மாதம் வரவில்லை, செத்துப்போனீர்கள் என்றார்கள்.

இப்போது அந்த மகளுக்குக் கரவனெல்ல ஆஸ்பத்திரியில் இவன் பிறந்து ஆறு மாதம். பிறந்த நாள் முதல் இவன் தலைமாட்டில் சட்டி மூடியைத் தட்டிப் பார்க்கிறேன், திரும்புகிறான். விளக்கை அசைத்தால் கண் கூடவே போகிறது. இன்று ஊசி போட்ட மிஸ்ஸியிடம், "பின்னால வந்து பாப்பீங்களா?" என்று கேட்டேன். "ஏதும்னா நீங்க வாங்க அம்மே" என்று சிங்களத் தமிழில் சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள்.

லொறி விசயத்தை நான் மறக்க மாட்டேன். அதை வைத்துக்கொண்டுதான் சாவேன். ஆனாலும் மகள் நன்றாக இருக்கிறாள், பிள்ளைக்குக் கண்ணும் காதும் சரியாக இருக்கிறது என்று சொல்ல, உங்களைப் போலக் கேட்டு வர ஒரு ஆள் இல்லை அம்மா.