மணப்பெண்ணின் முகம்

என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நான் சௌக்கியம். கடல் கடந்து போய் எந்தச் சுவரைச் சுரண்டிக்கொண்டிருக்கிறீர்களோ, சௌக்கியமா என்று கேட்டால் ஒற்றை வரியில்தான் பதில் வரும், அதனால் கேட்கவில்லை. குளியலறைக் குழாய் ஒழுகுவது ஒருவழியாக நின்றது. என் முழங்கால்தான் மக்கர் பண்ணுகிறது.

அந்த முழங்காலோடுதான் நீங்கள் வருடக்கணக்கில் பழைய சுவரோவியங்களைச் சீர்செய்த மாளிகைக்குப் போய் வந்தேன். தங்கை விடவில்லை. "அத்தான் கைவேலைய ஊரே வந்து பாக்குது, நீ பாக்க வேணாமா?" என்றாள். வீட்டையே மறக்கடித்த சுவர் அப்படி என்ன அழகு என்று பார்த்துவிடும் ஆத்திரம் எனக்கும் இருந்தது.

முன்கூடத்துச் சுவரில் வாத்தியக்காரர்கள் ஊர்வலம். பழசு எது, புதுசு எது என்று தெரிவதற்காக, காரை உதிர்ந்த இடங்களை நீங்கள் மெல்லிய கோடு கோடாக நிரப்பியிருப்பதைக் காவலாளி காட்டினார். இல்லாத முகத்தைச் சொந்தமாக வரையக் கூடாது என்பது தொழில் விதியாம். கிட்டே போனால் வெறும் கோடு, தள்ளி நின்றால்தான் உருவம் கூடும் என்றார். தள்ளி நின்றேன். மேளக்காரன் பக்கத்தில் நம் பாப்பா நின்றிருந்தாள்.

காய்ச்சலில் போன அன்றைக்கு இருந்த அதே நாலு வயது. கட்டில் முனை கிழித்த புருவத் தழும்பு, ஒரு காலை மறு கால்மேல் வைத்து நிற்கும் கோணல். தொடப் போனேன். கிட்டே போகப் போகக் கலைந்து கோடாகிவிட்டாள்.

நடைவழியில் பூப்பறிக்கும் சிறுமிகளுக்கு நடுவே பத்து வயதில் நிற்கிறாள், அதே தழும்போடு. மாடியில் ஊஞ்சலாடுகிறாள், என் உயரம் வந்துவிட்டது, மூக்கும் என் மூக்கு. அறைக்கு அறை அவள் பார்வை என் பின்னாலேயே வந்தது. "என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?" என்று தங்கை உலுக்கினாள். தங்கையின் கண்ணுக்குப் பாப்பா தெரியவே இல்லை.

பாவி மனுஷா என்று மனதுக்குள் திட்டினேன். வீட்டில் அவள் பேரை எடுத்தாலே எழுந்து போய்விடுவீர்கள். கல்மனசு என்றுதான் நினைத்திருந்தேன். என்னை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் அங்கே அவளை வளர்த்திருக்கிறீர்கள். பத்து வயதில் அவள் பின்னல் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. பெற்றவளுக்குத் தெரியவில்லை.

கடைசி அறையில் கல்யாணக் காட்சி. மாப்பிள்ளை முழுசாக இருக்கிறான். மணப்பெண்ணின் முகம் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைப் பூச்சு. "இத மட்டும் திரும்பி வந்து முடிச்சுத் தரேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு" என்றார் காவலாளி. அங்கே ஒரு கோடுகூட இல்லை, ஆனாலும் அவள் உள்ளே காத்திருக்கிறாள் என்று தோன்றி, அந்த இடத்தை விட்டு என்னால் நகர முடியவில்லை.

உங்கள் தொழில் விதியைப் பற்றி எனக்கென்ன, நீங்கள் அதை மீறியதை யாரிடமும் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். திரும்பி வரும்போது நேரே மாளிகைக்குப் போய்விடாதீர்கள். முதலில் வீட்டுக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் இல்லாமல் அவள் கல்யாணத்தை முடித்துவிடாதீர்கள்.

நீங்களும் அவளும் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
அவள் அம்மா.