யாரும் பயன்படுத்தாத போன் லைன்

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்கும் ஆன்லைன் வகுப்பில் நெட் ஐந்து தடவை அறுந்தது. பத்தாம் வகுப்புக்கு முக்கோணவியல் நடத்துகிறேன், "சைன் தீட்டா" என்று வாயைப் பிளந்தபடி திரையில் உறைந்து நிற்கிறேனாம். அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு சிரிக்கிறதுகள். பொதுத் தேர்வுக்கு மூன்றே வாரம். ரெண்டு பேர் வேறு டீச்சரிடம் போயாச்சு. பெயருக்குத்தான் ஃபைபர். கம்பெனிக்காரன் கொடுத்த பெட்டி கூடத்தில் குதிரை மாதிரி ஓடும், என் அறைக்கு வருவதற்குள் நொண்டும்.

இதற்கு நடுவில் அண்ணன் கதவைத் தட்டி, "வாத்தியாரம்மா, என் கண்ணாடியைப் பாத்தியா?" கண்ணாடி அவன் நெற்றிமேல் இருக்கிறது! காச்சுமூச்சென்று கத்திவிட்டேன். "நான் கிளாஸ்ல இருக்கும்போது வீடே பத்தி எரிஞ்சாலும் தட்டாதே!" முப்பது பிள்ளைகளுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

மார்ச் 5, வியாழன்

சொந்தமாக ஒரு வைஃபை ரவுட்டர் வாங்கிவிட்டேன். நாலு கொம்பு, கறுப்பு. அண்ணன் பார்த்துவிட்டு, "இது என்ன, கவுத்துப் போட்ட கரப்பான்பூச்சியா?" என்றான்.

மாட்டிப் பார்த்தேன். திரையில் என் குரல் இன்னும் மோசமாகத் திக்குகிறது. ரெண்டு மணி நேரம் படித்த பிறகு புரிந்தது: கம்பெனிப் பெட்டியும் வழி காட்டுகிறது, என் பெட்டியும் வழி காட்டுகிறது. ஒரு உறையில் ரெண்டு கத்தி. கம்பெனிப் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு மாற்றச் சொல்ல வேண்டுமாம். அதை அவர்கள்தான் அங்கிருந்து செய்ய முடியும்.

மருமகள் கூப்பிட்டாள், அண்ணன் மகள். வேற ஊரில் வேலை. தினமும் அதே கேள்விதான்: "அப்பா பட்டனைக் கழுத்துல போட்டிருக்காரா அத்தை?" போன வருஷம் குளியலறையில் தலைசுற்றி விழுந்தான் அல்லவா, அதற்கப்புறம் அவள் ஏற்பாடு செய்தது. பட்டனை அமுக்கினால் அவன் அறையில் இருக்கும் பெட்டி அந்தக் கண்காணிப்பு நிறுவனத்தைக் கூப்பிடும், அதிலேயே ஒரு பெண்ணின் குரல் "என்ன ஆச்சு சார்?" என்று கேட்கும். போட்டிருக்கான், போட்டிருக்கான் என்றேன்.

மார்ச் 9, திங்கள்

லைன்மேனை அவன் கைபேசியிலேயே பிடித்தேன். கம்பெனி எண்ணில் கூப்பிட்டால் இசைதான் கேட்கலாம்.

"பிரிட்ஜ்ல போட்டா எங்க பெட்டி வெறும் குழாய் மாதிரி மேடம். வைஃபை வராது, போனும் வராது. போன் லைன் ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"இந்தக் காலத்துல அதை யாருப்பா வெச்சிருக்கா? போட்டு விடுங்க."

பதினொன்றே கால் மணிக்கு மாற்றிவிட்டான். புது ரவுட்டருக்குப் பழைய வைஃபை பெயரையும் பழைய கடவுச்சொல்லையுமே வைத்தேன். டிவி, கைபேசி, கணினி எல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொண்டன. ஒன்றுகூட முரண்டு பிடிக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயசில் இதைத் தனியாகச் செய்திருக்கிறேன், சும்மா இல்லை.

மார்ச் 11, புதன்

ஐந்து வகுப்பு. ஒரு தடவைகூட அறவில்லை.

மத்தியானம் அண்ணன், "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தான். ரெண்டு மணி வகுப்புக்கு மூன்று நிமிஷம்தான் இருந்தது. "ஆறரைக்கு மேல சொல்லு" என்றேன். அப்புறம் நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

மார்ச் 13, வெள்ளி

ஆஸ்பத்திரி. அண்ணன்.

மார்ச் 14, சனி

எழுதினால்தான் மூச்சு விட முடியும் போலிருக்கிறது.

நேற்று ரெண்டு மணியிலிருந்து ஆறரை வரை வகுப்பு. கதவைச் சாத்தி, காதில் ஹெட்போன். முடித்துவிட்டு வெளியே வந்து, "காபி போடட்டுமா?" என்று கேட்டேன். அண்ணன் குளியலறை வாசலில் கிடந்தான். பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தான். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. பட்டன் கையில் இருந்தது.

மூளையில் அடைப்பு. டாக்டரம்மா கேட்டார்: "எத்தனை மணிக்கு விழுந்தார்?" தெரியாது என்றேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு தெரியாது. "சீக்கிரமே வந்திருந்தா அடைப்பைக் கரைக்க மருந்து போட்டிருக்கலாம்" என்றார். குறையாகக்கூடச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

பட்டன் கையில் இருந்ததே. ஏன் யாரும் வரவில்லை?

மார்ச் 17, செவ்வாய்

பட்டன் நிறுவனத்திலிருந்து ஆள் வந்தார். மருமகளும் கூட நின்றாள், வெள்ளிக்கிழமையே புறப்பட்டு வந்தவள்.

அண்ணன் அறையில் அந்தப் பெட்டியை யாரோ ஒரு தடித்த துண்டால் சுற்றி வைத்திருந்தார்கள். யார் சுற்றினார்கள்? நான் இல்லை. அவர் துண்டைப் பிரித்தார். பெட்டிக்குப் பின்னால் ஒரு மெல்லிய வயர், சுவரோரமாகவே போய், சோபாவுக்குப் பின்னால் நுழைந்து, கூடத்துக் கம்பெனிப் பெட்டியில் போய்ச் சேர்ந்தது. போன் ஓட்டையில்.

பட்டன் நிறுவனத்தார் அதை மாட்டிவிட்டுப் போன அன்றைக்கு நான் வகுப்பில் இருந்தேன். அந்தப் பெட்டி எந்த வழியாகப் பேசுகிறது என்று ஒருநாளாவது யோசித்தேனா?

"ஒன்பதாம் தேதி பதினொண்ணே காலுக்கு லைன் செத்திருக்கு" என்றார். பெட்டியின் நினைவில் எல்லாம் பதிந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை முதல் தடவை அமுக்கியது ரெண்டு பத்துக்கு. கடைசியாக மூணு நாற்பதுக்கு. மொத்தம் பதினாலு தடவை.

பதினாலு.

மூணு நாற்பதுக்கு நான் என்ன நடத்திக்கொண்டிருந்தேன்? நிகழ்தகவு. ஒரு பையன் ஏதோ ஜோக் அடித்தான், நானும் சேர்ந்து சிரித்தேன்.

மார்ச் 18, புதன்

மருமகள் ஃபைபர் கம்பெனியைக் கிழி கிழியென்று கிழித்தாள். ஒன்பதாம் தேதி அந்த இணைப்பில் கை வைத்தது லைன்மேன்தான் என்று அவர்கள் பதிவில் இருக்கிறதாம். "அவனைச் சும்மா விடமாட்டேன் அத்தை. யாரைக் கேட்டு மாத்தினான்?"

வாயடைத்து நின்றேன் என்று எழுதலாம். பொய். வாயை நானேதான் மூடிக்கொண்டேன்.

மார்ச் 21, சனி

லைன்மேன் வந்தார். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மருமகள் ஆஸ்பத்திரியில் இருந்தாள், நான் மட்டும்தான் வீட்டில். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். நாற்பது வயசிருக்கும்.

"மேடம், போன் லைன் இருக்கான்னு நான் கேட்டேன்ல?"

கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"என் சொந்த போன்ல பேசினோம். ரெக்கார்ட் கிடையாது. நீங்க இல்லைன்னா இல்லைதான். கேட்டேன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. அது போதும்."

கும்பிடவில்லை, அழவில்லை. கும்பிட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், எரிந்து விழுந்து கதவைச் சாத்தியிருப்பேன். "யோசிச்சு சொல்றேன்" என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, பாவி?

மார்ச் 22, ஞாயிறு

ஃபைபர் கம்பெனிக்கு எழுதி அனுப்பிவிட்டேன். "அவர் கேட்டார். போன் லைன் இல்லை என்று நான் சொன்னேன். தவறு என்னுடையது." மருமகளுக்கும் அதையே அனுப்பினேன், நேரில் சொல்லத் துப்பில்லாமல்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். நின்றபடியே, "நாலு நாளா நான் அந்த மனுஷனைத் திட்டிட்டிருக்கேன். நீங்க எனக்கு டீ போட்டுக் கொடுத்துட்டு இருந்தீங்க" என்றாள். அறைந்திருக்கலாம்.

மார்ச் 29, ஞாயிறு

அண்ணன் நாலைந்து வார்த்தை பேசுகிறான். ஒவ்வொன்றும் கிணற்றிலிருந்து இறைப்பது மாதிரி வருகிறது. வலது கையும் காலும் அப்படியேதான்.

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ரவுட்டர், பிரிட்ஜ், லைன்மேன் கேட்டது, நான் சொன்னது. கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு, "தெரியும்" என்றான்.

என்ன தெரியும்?

அரைமணி நேரம் ஆனது, துண்டு துண்டாகச் சேர்த்துப் புரிந்துகொள்ள. ஒன்பதாம் தேதியிலிருந்தே அந்தப் பெட்டியில் சிவப்பு விளக்கு. விட்டுவிட்டுக் கூவியிருக்கிறது. அந்தச் சத்தம் என் வகுப்புக்குக் கேட்கக் கூடாதென்று துண்டைச் சுற்றியிருக்கிறான். சொல்லலாம் என்று வந்திருக்கிறான். நான் ஆறரைக்கு மேல் என்றேன். ஆறரைக்குப் பார்த்தால் நான் களைத்துப் போயிருந்தேனாம், சரி நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டானாம்.

"குரல் கொடுத்திருக்கலாமேடா! என் கதவை உதைச்சிருக்கலாமே, குளியலறை வாசல் வரைக்கும் நகர்ந்து வந்தவன்!" அண்ணன் என்றுகூடப் பார்க்காமல் 'டா' போட்டுக் கத்தினேன். நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னாள்.

குளியலறையிலிருந்து என் கதவு ஏழு அடி. இன்றைக்கு டேப் வைத்து அளந்தேன்.

ஏப்ரல் 2, வியாழன்

லைன்மேனைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். வேறு பகுதிக்கு மாற்றிவிட்டார்களாம். இந்தத் தெருப்பக்கம் இனி வரமாட்டார்.

ஏப்ரல் 6, திங்கள்

மருமகள் அண்ணனைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகிறாள். என்னைக் கேட்கவில்லை, சொன்னாள். கேட்டிருந்தால் மட்டும் எந்த முகத்தோடு இங்கேயே இருக்கட்டும் என்பேன்?

சட்டைகளை நான்தான் மடித்து வைத்தேன். ஒற்றைக் கையால் போட வசதியாக முன்பக்கம் திறப்பவை மட்டும். மூன்றரைக்குக் கார் வந்தது. டிரைவரும் அவளும் தூக்கி உட்கார வைத்தார்கள். பெல்ட்டை நான் போட்டேன். அவன் முகத்தைப் பார்க்காமல் பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லிக்கங்க அத்தை. நேரமாச்சு" என்றாள்.

என்ன சொல்ல? ஏதேதோ தயார் செய்து வைத்திருந்தேன், பெல்ட்டை இன்னொரு தடவை இழுத்துச் சரிபார்த்தேன். அவன்தான் வாயைக் கோணிக் கோணி எதையோ சொல்லப் பார்த்தான். குனிந்து காதை வைத்தேன். மன்னிச்சேன் என்பானோ, திட்டுவானோ?

"நாலு... மணி" என்றான். "கிளாஸ். போ."