கட்டம் விழுந்த கிறிஸ்துமஸ் மரங்கள்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், இந்தத் தடவை ஒப்புக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நன்றாக இருக்கிறோம். அந்தக் குளிரில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவின் வலது கை இப்படியே கிடந்தால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று போன வாரம் போனில் சொன்னாயே, அன்றிலிருந்து அவர் முகமே சரியில்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து அந்தக் கையை, யாரோ மடியில் வைத்துவிட்டுப் போன பொட்டலம் மாதிரிதான் வைத்திருந்தார். பயிற்சி கொடுக்க வருகிற பெண் ரப்பர் பந்தை நீட்டினால், நான் என்ன பச்சைக் குழந்தையா என்று முறைப்பார். உன் வேலையும் போய்விடுமோ என்ற கவலை வேறு சேர்ந்துகொண்டது.

இந்த நேரத்தில்தான் நீ அனுப்பிய வாழ்த்து அட்டை செய்கிற பெட்டி வந்தது. மரம், மான், பனிப்பூ என்று கட்டையில் ஒட்டிய ரப்பர் முத்திரைகள், நீல மை, வெள்ளை மை, எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். வெள்ளை அட்டையில் வெள்ளை மையைத் தொட்டு ஒற்றிவிட்டு, பனியே விழவில்லையே என்று நான் முழித்ததை யாரிடமும் சொல்லாதே. பிறகு நீல மையில் மரத்தைத் தொட்டு, பெட்டியில் படம் போட்டிருந்தபடி மெதுவாக வைத்து வைத்து எடுத்தேன். அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, பார்சல் ஆபீசில் காலமெல்லாம் முத்திரை குத்தினவர், கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார், அப்புறம் பொறுக்கவில்லை. அதென்ன தூங்குற பிள்ளையைத் தொட்டுப் பாக்குற மாதிரி வைக்கிறே, கொண்டா இங்கே என்று கட்டையைப் பிடுங்கினார். எந்தக் கையால் தெரியுமா? வலது கையால்! மையில் ஒரு தட்டு, அட்டையில் ஒரு குத்து, மேசையில் இருந்த டம்ளர் ஆடிப்போனது. நான் வாயைத் திறக்கவில்லை, சொன்னால் கைக்குத் தன் நோவு ஞாபகம் வந்துவிடும் என்று பயம். அட்டையை நகர்த்தி நகர்த்தி, மரம் முடிந்ததும் மான் கட்டையையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். கட்டை நழுவி விழுந்த பிறகுதான் அவர் தன் கையையே பார்த்தார். பாத்துக்கிட்டே நிக்கிறியே, சொல்ல வேண்டாமா என்று என்னைத்தான் திட்டினார். நான் அழுதேன். மை கரையுது, தள்ளி நின்னு அழு என்றார், அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அந்த அட்டையைத்தான் இத்துடன் அனுப்புகிறேன். பார்சல் ஆபீஸ் குத்து குத்தினதால் கட்டையின் ஓரமும் பதிந்து, ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் ஒரு கட்டம் விழுந்திருக்கிறது. மானுக்கு இரண்டு தலை. சட்டைக் கை பட்டு மை இழுபட்டதில் பனிக்காற்று அடிப்பது போல ஆகிவிட்டது, அதை மட்டும் வேண்டுமென்றே செய்ததாகச் சாதிக்கிறார். கடையில் வைத்தால் ஒருத்தரும் தொடமாட்டார்கள், நானோ தெருவில் ஒரு வீடு விடாமல் காட்டிவிட்டேன். எதிர்வீட்டுத் தையல்காரர் இதில மான் எங்கேம்மா என்று கேட்டார், முதலில் கண்ணாடியை மாத்துங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு அவ்வளவு பெருமை. மறுநாள் பயிற்சிக்காரப் பெண் வந்ததும், பந்தெல்லாம் வேண்டாம், அந்தக் கட்டையைக் குடும்மா என்று அவரே கையை நீட்டினார்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், சட்டைப் பொத்தான் இன்னும் போட வரவில்லை, கரண்டி நழுவுகிறது. ஆனால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கை திரும்புகிறது. நீ வேலையை விடாதே கண்ணு, லீவு கிடைக்கும்போது வந்து பார், போதும். ஈரத் தலையோடு வெளியே போகாதே, காலுறை போட்டுக்கொள். ஆண்டவர் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

அப்பாவின் பெயரையும் நானே எழுதிவிடட்டுமா என்று கேட்டேன், பேனா பிடிக்க இன்னும் வரவில்லையே என்று. என் கையெழுத்தை நான் போட்டுக்கிறேன், நீ தள்ளு என்று மையையும் பனிப்பூக் கட்டையையும் எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார். என் பெயருக்குக் கீழே கட்டத்தோடு ஒரு பனிப்பூ இருக்கும். அதுதான் அப்பா.

என்றும் உன் நினைவாக,
அம்மா