அக்காவின் முறைப்பு

மார்ச் 4, புதன்

அம்மா இன்றும் பாதிப் பேச்சில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் என்ன செய்தேன்? அவளுடைய பிரஷர் மாத்திரைச் சீட்டில் டாக்டர் கிறுக்கியிருந்ததைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். நிமிர்ந்தால் ஆள் இல்லை. சமையலறையில் குழாய் ஓடுகிற சத்தம். கழுவ ஒரு தம்ளர்கூட இல்லாத நேரத்தில்.

அப்புறம் குளியலறைக் கண்ணாடி முன்னால் அதே சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புருவங்களுக்கு நடுவே ஒரே ஒரு கோடு, இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து. அக்காவின் முறைப்பு. அப்படியே. அவள் போய் இரண்டு வருஷம். அவள் போன வயதை நான் இந்த மாதம் தாண்டுகிறேன். இனிமேல் நான்தான் அவளுக்கு அக்கா. அதற்காகவே காத்திருந்த மாதிரி என் முகம் அவளுடையதாகிக்கொண்டு வருகிறது.

ஒரு வித்தியாசம்தான் மிச்சம். அவள் ஏசி ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்த்தவள், வெயிலே படாத வெளுப்பு. நான் திறந்தவெளிக் குளத்தில் நீச்சல் சொல்லித்தருகிறவள். முகம் முழுக்கக் கறுப்பு, நீச்சல் கண்ணாடி மறைத்த இடத்தில் மட்டும் கண்ணைச் சுற்றி இரண்டு வெள்ளை வளையம். 'ஆந்தை' என்றுதான் கூப்பிடுவாள். "ஆந்தை, சாப்பிட வாடி."

அம்மாவுக்கு இருப்பது ஒரே மகள். அவள் முகத்தையும் பார்க்க முடியாவிட்டால் எப்படி? சனிக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டேன். அந்தக் கோட்டை எடுத்துவிடப் போகிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை. என்னவென்று சொல்ல?

மார்ச் 7, சனி

"முறைங்க," என்றார் தோல் டாக்டர். முறைத்தேன். "இன்னும் நல்லா. பிடிக்காதவங்க யாரையாவது நினைச்சுக்கிட்டு முறைங்க."

எனக்கு நினைவுக்கு வந்தவள் பிடித்தவள்.

சின்னச் சின்னதாக ஐந்து இடத்தில் போடாக்ஸ் ஊசி. இடது புருவ முனையில் ரத்தம் கட்டிவிட்டது. நர்ஸ் ஐஸ் வைத்தபடியே பாடம் நடத்தினாள். "தேய்க்காதீங்க, அமுக்காதீங்க. ரெண்டு வாரத்துக்கு நீச்சல் கண்ணாடியத் தொடவே தொடாதீங்க. வெயில் ஆகாது. ரத்தக்கட்டு மேல வெயில் பட்டா கறை நின்னுடும்."

"என் வேலையே வெயில்லதாங்க."

"அப்ப லீவு போடுங்க." எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்!

அம்மாவிடம், குளத்துக் கம்பியில் இடித்துக்கொண்டேன் என்றேன்.

மார்ச் 8, ஞாயிறு

லீவு போட மனசு வரவில்லை. தொப்பி போட்டுக்கொண்டு கரையில் நின்றே சொல்லித்தரலாம் என்றுதான் போனேன். அங்கே என்னிடம் நீச்சல் கற்க வரும் நம் பயந்தாங்கொள்ளி டீச்சர். பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பையே முறைத்து அடக்குகிறவர், இடுப்பளவு தண்ணீரில் என் கையை விடமாட்டார். அவருடைய கம்மல் கழன்று ஆழத்தில் போய் விழுந்துவிட்டது. "ஐயோ, எங்க மாமியார் போட்ட கம்மல்!" அழாத குறை.

தொப்பி எங்கே போனது, எப்போது குதித்தேன், தெரியாது. கம்மலை எடுத்து அவர் கையில் கொடுத்தபோதுதான் உறைத்தது. கண்ணில் நீச்சல் கண்ணாடி! மாட்டியவுடன் உள்ளே காற்று நிற்காமல் இரண்டு கட்டைவிரலாலும் புருவத்தோடு சேர்த்து அழுத்துவேன், பிடிப்பு விழும்வரை. அழுத்தியிருக்கிறேன். பழக்க தோஷம்.

ஒன்றும் ஆகாது. ஆகாதுதானே?

மார்ச் 12, வியாழன்

கோடு போயே போய்விட்டது. எவ்வளவு முயன்றாலும் முறைக்க வரவில்லை. நெற்றி இஸ்திரி போட்ட துணி மாதிரி கிடக்கிறது.

அம்மா பார்க்கிறாள்! காபி குடிக்கும்போது, துணி மடிக்கும்போது, என் முகத்தையே. அந்த மாத்திரைச் சீட்டை மறுபடியும் கொண்டுவந்து, "இதக் கொஞ்சம் படியேன்" என்றாள். போன வாரம்தானே படித்தேன் என்று சொல்லாமல் படித்தேன். கடைசிவரை எழுந்து போகவில்லை. ஊசி வேலை செய்துவிட்டது.

மார்ச் 16, திங்கள்

குளத்து உடைமாற்றும் அறை. தலை துவட்டிக்கொண்டே நிமிர்ந்தேன். கண்ணாடியில் அக்கா நின்றாள்.

சத்தியமாக. இடது இமை பாதிக் கண்வரை இறங்கியிருக்கிறது. அவளுக்கும் இடதுதான். ஒருநாள் பல் தேய்த்தபடியே, "எனக்கு ஒரு கண்ணு மட்டும் இன்னும் எந்திரிக்கல" என்று சிரித்தாள். தூக்கம் சரியில்லை என்றாள். தலைக்குள் கட்டி இருந்தது அப்புறம்தான் தெரிந்தது.

விரலால் இமையைத் தூக்கினேன். விட்டதும் இறங்கிவிட்டது. அவளும் அப்படித்தான் தூக்கிப் பார்ப்பாள் — ஐயோ, எனக்கும் அதேவா?

மார்ச் 17, செவ்வாய்

"அமுக்கினீங்களா?" என்று மட்டும் கேட்டார் டாக்டர். தலையாட்டினேன். மருந்து இமைப்பக்கம் பரவியிருக்கிறதாம். சில வாரத்தில் தானாகத் திறக்குமாம். சொட்டு மருந்து கொடுத்தார். ரத்தக்கட்டு இருந்த இடத்தில் வெயில் பட்டுப் பழுப்பாகக் கறை. இனிமேல் குளமும் கிடையாது, வெயிலும் கிடையாது, சன் ஸ்கிரீன் இல்லாமல் ஜன்னலோரம்கூட உட்காரக் கூடாது.

நம்புகிறேன். ஒன்றுமில்லை என்ற அக்காவின் முதல் டாக்டரையும் நம்பினோம்.

மார்ச் 20, வெள்ளி

தலைமுடியை இறக்கிவிட்டு நான்கு நாள் சமாளித்தேன். இன்று அம்மா பரிமாறும்போது பார்த்துவிட்டாள். கரண்டி அந்தரத்தில் நின்றது.

"கண்ணு என்னடி?"

"தூக்கம் சரியில்லம்மா."

வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே கேட்டது. அக்கா சொன்ன அதே பதில். அம்மா கரண்டியை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நீ என்னைப் பார்க்கவேண்டும் என்பதற்காக நெற்றியில் ஊசி போட்டுக்கொண்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

ஏப்ரல் 5, ஞாயிறு

கறுப்பு உதிர்ந்துகொண்டே வருகிறது. வெள்ளை வளையம் எது, முகம் எது என்று தெரியவில்லை. வீட்டுக்குள்ளேயே கிடந்து கிடந்து அடியிலிருந்து அவளுடைய நிறம் வெளியே வருகிறது. அவளுடைய இமை, அவளுடைய வெளுப்பு. இத்தனை வருஷம் வெயில்தான் எங்கள் இருவரையும் பிரித்து வைத்திருந்ததா?

இன்று மாடிப்படியில் கீழ்வீட்டுக்காரர் எதிரே வந்தார். என்னைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டார். அப்புறம் "வெயில்லேர்ந்து வந்தேன், கண்ணு இருட்டிடுச்சும்மா" என்று சமாளித்தார்.

கூடத்தில் டைல்ஸ் கோட்டின் மேல் நேராக நடந்து பார்க்கிறேன். அக்காவை ஆஸ்பத்திரியில் அப்படித்தான் நடக்கச் சொன்னார்கள். இன்று நேராகத்தான் நடந்தேன். அவளும் முதலில் நேராகத்தான் நடந்தாள்.

குளியலறைக் கண்ணாடி மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டேன்.

ஏப்ரல் 11, சனி

எழுதியே ஆகவேண்டும்.

மத்தியானம் மொட்டை மாடிக்குப் போனேன். சன் ஸ்கிரீன் இல்லை, தொப்பி இல்லை. பாயை விரித்து மல்லாந்து படுத்துவிட்டேன். கறை நின்றால் நிற்கட்டும். எனக்கு என் முகம் வேண்டும், கறுத்துப் போன என் ஆந்தை முகம். தோல் எரிந்தது. எரியட்டும் என்று கிடந்தேன்.

அம்மா மூட்டு வலியோடு மாடி ஏறி வந்திருக்கிறாள். குடையைப் பிடித்து எனக்கு நிழல் கொடுத்தாள்.

"திங்கக்கிழமை ஸ்கேனுக்குச் சொல்லிட்டேன்," என்றாள். "மாட்டேன்னு மட்டும் சொல்லிடாத. அவ தள்ளிப் போட்டா. நீ போடாத. இன்னொரு தடவ என்னால முடியாதுடி."

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. ஊசி, கம்மல், கண்ணாடி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "நீதான் என் மூஞ்சியப் பாக்காம எந்திரிச்சுப் போற! அந்தக் கோடு இல்லேன்னா பாப்பேன்னு நினைச்சேன். நான் வேற என்னம்மா செய்ய?"

திட்டுவாள் என்று நினைத்தேன். குடையை இன்னும் என் பக்கம் சாய்த்தாள்.

"கண்ணு சரியாயிடுமா?"

"ஆயிடும்."

"அது?"

எதைக் கேட்கிறாள் என்று தெரிந்தது. கை நெற்றிக்குப் போனது.

"நீ எதையாவது உத்துப் படிக்கும்போது மட்டும்தான்டி அவ வருவா. அழுகை முட்டிக்கிட்டு வரும். நீ பாத்துடுவியேன்னு குழாயத் தொறந்து விட்டுட்டு அழுவேன். அப்புறம் படிக்கச் சொல்ல வேற ஏதாவது சீட்டு கிடைக்குதான்னு தேடுவேன். பாக்க முடியாம இல்லடி. போன மாசம் பூரா தேடித் தேடிப் பாக்கறேன், அவளக் காணோம். நாந்தான் அவ மூஞ்சிய மறந்துட்டேனோன்னு பயந்து போயிட்டேன். நீ ஊசி போட்டு எடுத்துட்டியா?"

பாவி. நான் பாவி. அக்காவுக்கு இந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே இடம் அது.

"திரும்ப வரும்மா. மருந்து குறையக் குறைய வந்துடும்," என்றேன். வருமா?

ஏப்ரல் 13, திங்கள்

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஊசியின் வேலைதான். அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, குழாய் எதுவும் திறக்காமல் அழுதாள்.

மே 2, சனி

இமை திறந்துவிட்டது. தொப்பி, சன் ஸ்கிரீன் சகிதம் குளத்துக்குப் போனேன். கண்ணாடியை அழுத்தப் பயந்து லேசாக மாட்டினேன், உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. "சொல்லித்தர்றவங்களுக்கே இந்தக் கதியா!" என்று பயந்தாங்கொள்ளி டீச்சர் சிரித்தார். என் கையை விட்டுவிட்டு நின்றுதான் சிரித்தார்.

நெற்றி இன்னும் அசையவில்லை. கறை மட்டும் இருக்கிறது.

ஜூன் 14, ஞாயிறு

அடுத்த ஊசிக்கு நேரமாகிவிட்டதாம், கிளினிக்கிலிருந்து செய்தி. அழித்துவிட்டேன். அம்மா இப்போது படிக்க எதுவும் கொண்டுவருவதில்லை. கொண்டுவந்து ஏமாந்து போக மனசில்லை போல.

ஜூன் 28, ஞாயிறு

காலையில் சன் ஸ்கிரீன் தடவிக்கொண்டிருந்தேன். அம்மா டியூபை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நீட்டினாள்.

"பின்னாடி என்னமோ போட்டிருக்கான். என்னான்னு பாரு."

பொடி எழுத்து. கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தேன். வெளியே போகுமுன் தடவவும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளவும். நீந்திய பின் மீண்டும் தடவவும். பாதியில் நிறுத்தினேன். குழாய்ச் சத்தம் வரவில்லை.

அம்மா எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் தாடைவரை வழிந்திருந்தது, துடைக்கவில்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை.

"அவ்வளவுதாம்மா போட்டிருக்கு," என்றேன்.

"இன்னொரு தடவ படி, ஆந்தை."

முதலிலிருந்து படித்தேன், மெதுவாக.